ஓவர்ரைடு: 'மீறல்' வேண்டாம், 'முந்தெடுப்பு' எனலாமா?

வணக்கம்.

மருந்தாளுநர் ஒப்புதலுக்கு முன்பே மருந்தை எடுக்க விடும் வழியை ஆங்கிலத்தில் ஓவர்ரைடு (override) என்கிறார்கள். மருத்துவமனை மருந்தகச் சொற்பட்டியலில் அதற்கு 'மீறல்' என்று போட்டிருக்கிறோம். அந்தச் சொல்லைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

வார்டில் நிற்கும் தானியங்கி மருந்துப் பேழையை, அதாவது திரையில் தேர்ந்தெடுத்து மருந்து எடுக்கும் கணினி அலமாரியை, எடுத்துக்கொள்வோம். மருத்துவர் கணினியில் மருந்து எழுதுவார். அளவு சரியா, ஒவ்வாமை உண்டா, வேறு மருந்தோடு மோதுமா என்று பார்த்து மருந்தாளுநர் ஒப்புதல் தருவார். அப்புறம்தான் அந்த மருந்து நோயாளியின் பெயருக்கு நேரே திரையில் வரும். ஆனால் இதயம் நின்றுபோனவருக்கு அட்ரினலின் தேவைப்படும்போது யார் ஒப்புதலுக்குக் காத்திருப்பது? அதற்கென்றே வைத்த வழிதான் ஓவர்ரைடு. விதி அனுமதித்த ஒன்றைச் செய்பவரிடம் திரை 'மீறல்' என்று காட்டினால், உயிர் காக்க ஓடிவந்த செவிலியருக்கு அங்கேயே பழி விழுகிறது.

'இதனால் உயிர் போயிருக்கிறதே, கடுமையான சொல்தானே பொருத்தம்' என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். போயிருக்கிறதுதான். 2017 டிசம்பர், அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை. ஸ்கேனுக்கு முன் பதற்றம் தணிக்க ஒரு மூதாட்டிக்கு வெர்செட் (வணிகப்பெயர்) எழுதியிருந்தார்கள். செவிலியர் பேழையில் அந்தப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தை, வி, இ எனத் தட்டினார். பேழை தேடியதோ பொதுப்பெயரில். வெர்செட்டின் பொதுப்பெயர் மிடாசோலம். மருந்து வரவில்லை. ஓவர்ரைடு போட்டு மறுபடி அதே இரண்டு எழுத்து. இம்முறை வந்தது வெக்குரோனியம், தசைகளை முடக்கி மூச்சையே நிறுத்திவிடும் மருந்து. மூதாட்டி இறந்துபோனார்.

குப்பியின் மூடியில் எச்சரிக்கை இருந்தது, செவிலியர் கவனிக்கவில்லை. 2022-இல் நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. புதிய மின்பதிவு முறைக்கு மாறிய அந்த மாதங்களில் அங்கே ஓவர்ரைடு போடுவது அன்றாடப் பழக்கமாகியிருந்தது என்றும் வழக்கில் வாதிடப்பட்டது. இரண்டே எழுத்துக்கு மருந்தைக் காட்டிவிடும் தேடலை எந்தக் கடுஞ்சொல் திருத்தும்? ஓவர்ரைடில் குறைந்தது 5 எழுத்தாவது தட்ட வைக்க வேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு வல்லுநர்கள் பின்னர் பரிந்துரைத்தார்களே, கை வைக்க வேண்டிய இடம் அது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'மேலெழுதல்' கோப்புகளுக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பது. இங்கே எதையும் அழித்து எழுதவில்லை. 'ஒப்புதல் பெறா எடுப்பு' பொருள் பிசகாதது, ஆனால் பொத்தானில் அடங்காது. மருந்தாளுநர் சரிபார்ப்பதற்கு முந்தி எடுக்கிறோம் என்பதால் 'முந்தெடுப்பு' என்கிறேன். பொத்தானில் 'முந்தெடு', அடுத்த திரையில் 'முந்தெடுக்கும் காரணம்', எந்தெந்த மருந்துகளை இப்படி எடுக்கலாம் என்பதற்கு 'முந்தெடுப்புப் பட்டியல்' என்று எல்லாம் இயல்பாக வருகின்றன. அவசரம் சொல்லிலேயே தெரிகிறது, சரிபார்ப்பு இன்னும் பாக்கி என்பதும் தெரிகிறது. 'முன்னெடுப்பு' என்பதோடு காதில் குழம்பும் என்பது நியாயமான ஆட்சேபம். இருந்தாலும் மருந்துப் பேழைத் திரையில் முன்னெடுப்புக்கு வேலையே இல்லை.

இன்னொன்று. மருந்து எழுதும்போது கணினி காட்டும் எச்சரிக்கையை மருத்துவர் ஒதுக்கிவிட்டுத் தொடர்வதையும் ஆங்கிலத்தில் ஓவர்ரைடு என்றே சொல்கிறார்கள். அங்கே யாரும் எதையும் முந்தி எடுப்பதில்லை, ஆகவே அதற்குத் தனிச்சொல் வேண்டும். 'எச்சரிக்கை தள்ளல்' என்று தோன்றுகிறது, முழுத் திருப்தி இல்லை. வார்டில் வேலை செய்கிறவர்கள் பேச்சில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதினால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.