ஃப்ளீட் ஃபாக்ஸஸ்: புதிதாகக் கேட்கத் தொடங்கியவர்களுக்கு

புதுக்காது:
அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து இசைக்குழு ஃப்ளீட் ஃபாக்ஸஸ் இரண்டு நாளாகக் காதை விட்டு இறங்கவில்லை. 'ஒயிட் விண்டர் ஹிம்னல்' என்ற பாட்டு மட்டுமே திரும்பத் திரும்ப ஓடுகிறது. அடுத்து எதைக் கேட்கலாம்? அந்தக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றனவே, அதை நாலு பேர் சேர்ந்து பாட என்ன வழி? பழகியவர்கள் சொல்லுங்கள்.

இரண்டரைக் கட்டை:
கேட்கும் வரிசை முக்கியம். 'சன் ஜயன்ட்' என்று 2008 தொடக்கத்தில் வந்த சிறிய வெளியீடு இருக்கிறது, ஐந்தே பாட்டு. அதில் தொடங்குங்கள். முதல் பாட்டு வாத்தியமே இல்லாமல் வெறும் குரல்களில் திறக்கும். இந்தக் குழுவின் உயிர் எங்கே இருக்கிறது என்பது அந்த ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பிறகு அதே ஆண்டு ஜூனில் வந்த முதல் ஆல்பம். குழுவின் பெயரேதான் ஆல்பத்துக்கும். 11 பாட்டு, 40 நிமிடத்துக்குள் முடியும்.

அதில் ஏழாவது பாட்டு 'ஹெர்ட் தெம் ஸ்டர்ரிங்'. குரல் உண்டு, சொல் கிடையாது. ஆங்கில வரி புரிகிறதா இல்லையா என்ற கவலையே இல்லாமல் குரல்களைப் பின்தொடர இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. ஒரு தடவை அடிக்குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். அடுத்த தடவை உச்சக்குரல். நடுக்குரலை மூன்றாவதாக வையுங்கள், அதைப் பிடிப்பதுதான் கஷ்டம். இப்படி மூன்று நான்கு சுற்று கேட்டவருக்குப் பிறகு மற்றப் பாட்டுகளிலும் குரல்கள் தானாகவே பிரிந்து கேட்கும். சின்ன வயதிலிருந்து ஒற்றை மெட்டிலேயே பழகிய காதுகளுக்கு இந்தப் பயிற்சி கட்டாயம் வேண்டும்.

அதற்குப் பின் 2011-இன் 'ஹெல்ப்லெஸ்னெஸ் ப்ளூஸ்', அடுத்து 2020-இன் 'ஷோர்'. 2017-இல் வந்த 'கிராக்-அப்' கடைசியில் இருக்கட்டும். பலரும் அதை முதலில் எடுத்து, பத்து நிமிடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். தொடக்கப் பாட்டே மூன்று துண்டுகள் ஒட்டியது. ஒலி திடீரென்று அடங்கும், திடீரென்று வெடிக்கும். 'தேர்ட் ஆஃப் மே' ஏறக்குறைய ஒன்பது நிமிடம். மற்ற மூன்றும் காதில் ஊறிய பிறகு கேட்டால் இவர்கள் செய்ததில் ஆகப் பெரிய வேலை இதுதான் என்று தோன்றும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

செயலியில் ஷஃபிளையும் (பாட்டு வரிசையைக் கலைப்பது) கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டின் முடிவின்மேல் அடுத்ததை ஏற்றுவது) அணைத்துவிடுங்கள். கிராஸ்ஃபேட் ஐந்து விநாடி இருந்தாலே குரல் மட்டும் மெல்லத் தேய்ந்து முடியும் இடத்தில் அடுத்த பாட்டின் கிதார் வந்து விழும். முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஆலிவர் ஜேம்ஸ்' அப்படித்தான் தனிக்குரலில் முடிகிறது. அதன் முடிவு கெட்டால் ஆல்பமே கெட்ட மாதிரி.

ஓவியப்பிரியை:
ஃபோனில் மட்டும் கேட்பவர்கள் முதல் ஆல்பத்தின் அட்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது பீட்டர் புரூகெல் 1559-இல் வரைந்த ஓவியம். ஒரே ஊருக்குள் நூறுக்கும் மேற்பட்ட நெதர்லாந்துப் பழமொழிகளை மனிதர்கள் நடித்துக்காட்டுகிறார்கள். ஒருவன் மும்முரமாகக் கிணற்றை மண்வெட்டியால் தூர்க்கிறான். கன்றுக்குட்டி அதில் ஏற்கெனவே விழுந்து செத்துவிட்டது. இன்னொருவன் சுவரில் தலையை முட்டுகிறான். சின்ன ஃபோன் திரையில் இது வெறும் கிராமத்துச் சந்தையாகத்தான் தெரியும். பாட்டுகளும் அப்படியே, தூரத்தில் அழகு, கிட்டே போனால் ஒரே நெரிசல்.

சங்கராபரணம்:
சேர்ந்து பாடும் கேள்விக்கு வருகிறேன். 'ஒயிட் விண்டர் ஹிம்ன'லின் தொடக்கத்தில் ஒரு குரல் ஒரு சிறு தொடரை எடுக்கிறது, அதையே அடுத்தடுத்த குரல்கள் எடுத்து மேலே அடுக்குகின்றன. பிறகு எல்லோரும் ஒன்றாக முழுப் பல்லவிக்குள் போகிறார்கள். மேஜர் ஸ்கேல் என்பதால் சங்கராபரணம் தெரிந்தவர்களுக்குச் சுரம் பிடிபடும்.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மெட்டோடு சேர்ந்து பாடும் மேல்குரலை "எப்போதும் நாலு அரைச்சுரம் மேலே" (அரைச்சுரம் என்பது கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து ஒட்டியிருக்கும் அடுத்த கட்டை, கறுப்பையும் சேர்த்து) என்று வைத்துக்கொண்டால் ரிஷபத்திலேயே ஸ்கேலை விட்டு வெளியே போய்விடுவீர்கள். ச–வுக்கு மேல் க, நாலு அரைச்சுரம். ரி–க்கு மேல் ம, மூன்றுதான். க–வுக்கு மேல் ப, அதுவும் மூன்று. ம–த, ப–நி இரண்டும் நாலு. த–ச, நி–ரி இரண்டும் மூன்று. இதைக் காகிதத்தில் எழுதிவைத்து, ஹார்மோனியத்திலோ கீபோர்டிலோ இரண்டு கட்டையையும் சேர்த்து அழுத்தியபடி மெதுவாகப் பாடுங்கள். ரெக்கார்டில் இடைவெளி எல்லா இடத்திலும் இப்படியே இருக்காது. காது பழக இதுதான் சுலபமான படி.

கமகம் கூடாது. நம் குரல் பழக்கத்தில் காந்தாரத்தை லேசாக அசைப்போம். ஒருவர் அசைத்தால் மற்றவர் சுரத்தோடு உரசி, புளித்த மாதிரிக் கேட்கும். நேராக, ஒரே பலத்தில் நிறுத்த வேண்டும். உயிரெழுத்தும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் 'ஓ' என்று குவித்து, இன்னொருவர் 'ஆ' என்று திறந்தால் சுருதி சரியாக இருந்தும் குரல்கள் ஒட்டாது.

மூன்று பேர் போதும். கனமான குரல் மெட்டை எடுக்கட்டும், மேல்குரல் அதில் பாதிச் சத்தத்தில் இருக்கட்டும். நெருக்கமாக அரைவட்டமாக நில்லுங்கள். பல்லவி முடிந்ததும் தொடங்கிய சுரத்தைக் கட்டையில் அழுத்திப் பாருங்கள். புதிதாகப் பாடும் கூட்டம் பெரும்பாலும் கீழே இறங்கியிருக்கும். வாக்கியத்தின் கடைசியில் மூச்சு தீர்வதுதான் காரணம். ஒரே இடத்தில் எல்லோரும் மூச்சு வாங்காமல் மாற்றி மாற்றி வாங்கினால் சரியாகும்.

மைக் முன்:
வீட்டிலேயே ஒருவர் எல்லாக் குரலையும் அடுக்கிப் பதிவு செய்யலாம். ஃபோனின் இரைச்சல் நீக்கும் வசதியை முதலில் அணையுங்கள். நீண்டு நிற்கும் உயிரெழுத்தை அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அறுத்துவிடும். குளியலறை எதிரொலி அழகாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே பதிவு செய்யாதீர்கள். பதிந்த எதிரொலியைப் பிறகு எடுக்க முடியாது, நாலு குரல் சேர்ந்தால் குழம்பாகிவிடும். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால், மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாடுங்கள். ஒவ்வொரு குரலையும் இரண்டு தடவை பாடி, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் தள்ளுங்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிவெர்ப் (செயலியில் சேர்க்கும் செயற்கை எதிரொலி). நீளம் இரண்டு முதல் இரண்டரை விநாடி, முன்தாமதம் (குரலுக்கும் எதிரொலி தொடங்குவதற்கும் இடைவெளி) 20 முதல் 30 மில்லிவிநாடி. அந்த ரிவெர்பில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் கும்மென்ற அடிச்சத்தம் இல்லாமல் தேவாலயத்துக்குள் பாடிய விரிவு கிடைக்கும்.

கேப்போ:
இரண்டே குரலில் பாட ஆசைப்படுபவர்கள் ஸ்வீடனின் ஃபர்ஸ்ட் எய்ட் கிட் சகோதரிகளைக் கேளுங்கள். யோஹான்னா, கிளாரா. 2008-இல் பதின்வயதில் ஒரு காட்டில் உட்கார்ந்து ஃப்ளீட் ஃபாக்ஸஸின் 'டைகர் மவுண்டன் பெசன்ட் சாங்'கைப் பாடி யூட்யூபில் போட்டார்கள். உலகம் அவர்களைக் கவனித்தது அதனால்தான். ஒரு கிதார், இரண்டு குரல், வேறு எதுவும் இல்லை.

பெண் குரலுக்குக் கேப்போவை (கிதார் கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) இரண்டு மூன்று ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) ஏற்றிப் பாருங்கள். ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் மாட்டுங்கள். நடுவில் மாட்டினால் கம்பிகள் இழுபட்டுச் சுருதி ஏறும். மாட்டியதும் மறுபடி சுருதி சேர்க்காமல் பாடத் தொடங்கவே கூடாது. விரல்மீட்டலில் கட்டைவிரல் கடிகாரம் மாதிரி சீராக விழ வேண்டும். அது தடுமாறினால் பாடும் குரலும் தடுமாறும்.

ஃப்ளீட் ஃபாக்ஸஸின் முதன்மைப் பாடகர் ராபின் பெக்நோல்டின் கையைப் பார்த்துக் கற்க 2020 டிசம்பரில் புரூக்ளின் தேவாலயம் ஒன்றில் எடுத்த 'எ வெரி லோன்லி சால்ஸ்டிஸ்' நிகழ்ச்சி நல்லது. பெரும்பகுதி அவர் தனியாக வாசிப்பதுதான்.

புதுக்காது:
எல்லோருக்கும் நன்றி. 'ஷோர்' போட்டேன், முதல் பாட்டில் ஒரு பெண் பாடுகிறாரே, வேறு ஆல்பம் ஓடுகிறதோ என்று சந்தேகம். முதல் ஆல்பத்தின் டிரம்ஸ் ஃபாதர் ஜான் மிஸ்டி வாசித்ததுதானே?

இரண்டரைக் கட்டை:
சரியான ஆல்பம்தான். அது உவாடே என்ற பாடகி. குழுவின் 'மைகோனோஸ்' பாட்டை அவர் பாடிய காணொளியைப் பார்த்துத்தான் பெக்நோல்ட் அழைத்தார். தன் ஆல்பத்தை இன்னொருவர் குரலில் தொடங்க விட்டிருக்கிறார், அதுவே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். டிரம்ஸ் விஷயம் பலரும் மாற்றிச் சொல்வது. ஃபாதர் ஜான் மிஸ்டி என்று பிறகு பெயர் வாங்கிய ஜோஷ் டில்மன் 2008-இல் ஆல்பம் பதிவான பிறகு சேர்ந்து, 2012 தொடக்கத்தில் விலகினார். அவர் வாசிப்பை ரெக்கார்டில் கேட்க 'ஹெல்ப்லெஸ்னெஸ் ப்ளூஸ்' போடுங்கள்.