'எதிர்மறை வலுவூட்டல்': மாற்றுச் சொல் உண்டா?

க. எழுதியது:
அன்பர்களுக்கு, பி.எட். உளவியல் குறிப்பேடு ஒன்று திங்கள் காலை அச்சுக்குப் போகவேண்டும். 'நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்' என்பதற்கு வழக்கப்படி 'எதிர்மறை வலுவூட்டல்' என்று போட்டேன். வகுப்பில் எல்லாரும் "தண்டனைதானே சார்?" என்கிறார்கள். இல்லை. கூண்டின் தரையில் மின்சாரம் பாய்கிறது, எலி நெம்புகோலை அழுத்தினால் நிற்கிறது. அடுத்த தடவை சட்டென்று அழுத்துகிறது. வலி நின்றதால் செயல் கூடுகிறது, செயலைக் கூட்டுவதுதான் வலுவூட்டல். தண்டனையிலோ செயல் குறையும்.

செ. எழுதியது:
மாணவர் மேல் குற்றமில்லை. 'செய்யாத' என்பது எதிர்மறைப் பெயரெச்சம். அந்தக் கணக்கில் எதிர்மறை வலுவூட்டல் என்றால் வலுவூட்டாமை! 'நோய்நீக்க வலுவூட்டல்' எனலாம். நோய் என்றால் இங்கே வலி; நோ, நோவு, நோதல், நோய் எல்லாம் ஒரே வேர். நோன்பும் இதில் சேருமா என்பது ஆய்வுக்குரியது.

ம. எழுதியது:
ஐயா, அது லேகிய விளம்பரம் மாதிரி இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து த. எழுதியது:
முதலில் 'கண்டிஷனிங்'குக்கு, அதாவது அனுபவத்தால் ஒரு பழக்கத்தையோ பயத்தையோ படியவைப்பதற்கு, ஒரே சொல்லாக்குங்கோ. நாங்கள் 'நிபந்தனைப்படுத்தல்' என்றுதான் படிப்பிக்கிறோம்.

ம. எழுதியது:
1920இல் வாட்சன், ரேய்னர் என்ற உளவியலாளர்கள் ஆல்பர்ட் என்ற குழந்தைக்கு வெள்ளெலியைக் காட்டி, முதுகுக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்தார்கள். அப்புறம் முயலைக் கண்டாலும் அழுதது. அந்தப் பிள்ளையிடம் யார் என்ன நிபந்தனை போட்டார்கள்?

த. எழுதியது:
கண்டிஷனிங்குக்குத் தமிழ்நாட்டில் நீங்கள் சொல்லும் 'ஆக்கநிலையுறுத்தல்' மட்டும் அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்குமோ?

செ. எழுதியது:
தண்டனைக்கு 'ஒறுப்பு' என்ற நல்ல சொல் இருக்கிறது. 'ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம்' என்பது குறள். உளவியலாளர் ஸ்கின்னர் 1938இல் எழுதியதும் அதுதான். நெம்புகோலைத் தொட்ட எலியின் பாதத்தில் அடி விழுந்ததும் அழுத்துவது குறைந்தது. மறுநாள் முடிவதற்குள் அடிபடாத எலிகளுக்குச் சமமாக அழுத்தித் தீர்த்துவிட்டது. ஒருநாள் இன்பம்தான்!

க. எழுதியது:
ரசித்தேன் ஐயா. ஆனால் தண்டனைக்குத் தண்டனையே போதும். 'நீக்க வலுவூட்டல்' போடவா?

த. எழுதியது:
வலுவூட்டலையே நீக்குவது என்று வாசிப்பார்கள். நெம்புகோலை அழுத்தினால் வழக்கமாய்க் கிடைத்த தீனியை நிறுத்துவது வேறு சங்கதி, அதற்குத் தனிச் சொல் வேணும்.

ம. எழுதியது:
'விலக்கி வலுவூட்டல்'?

செ. எழுதியது:
வினையெச்சம் கலைச்சொல்லில் ஒட்டாது. கொசு விலக்கி நினைவுக்கு வரும்.

க. எழுதியது:
மூன்று பேர் தனிமடலில் 'நீக்க வலுவூட்டல்' சரி என்றார்கள். மின்கூண்டு எடுத்துக்காட்டையும் அதே பக்கத்தில் வைத்து அனுப்பிவிட்டேன்.

செ. எழுதியது:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். நோன்பு பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.