ரோம் வழியாக ஓடும் டைபர் ஆற்றின் சாமியை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கரையோரம்:
ரோமில் கேப்பிடோலின் குன்று. மைக்கேலாஞ்சலோ சதுக்கம், படிக்கட்டு எல்லாம் உங்களுக்கே தெரியும். படிக்கட்டின் இரு பக்கமும் தாடிக்காரக் கிழவர்கள் சாய்ந்து கிடப்பார்களே, ஒருவர் நைல், மற்றவர் டைபர். (லத்தீனில் ஆறு டிபெரிஸ், சாமி டிபெரினுஸ்.) டைபர் கிழவரின் முழங்கையடியில், ரோமை உண்டாக்கிய கதையில் வரும் ஓநாயும் அது பால் கொடுத்த இரட்டைக் குழந்தைகளும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு வழிகாட்டி யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது: "இவர் முதலில் ஈராக்கில் ஓடுகிற டைக்ரிஸ் ஆறு. லத்தீனில் டைக்ரிஸ் என்றால் புலி, அதனால் இங்கே புலி இருந்தது. பிறகு ஓநாயாக்கிவிட்டார்கள்." மொபைலை இறக்கிவிட்டேன். கிழவர் அதே கிழவர்தான், மிருகத்தை மாற்றினால் ஆறே மாறிவிடுமா? அன்றிரவு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு இன்னும் பூனை முகமாகத்தான் தெரிகிறது.

நீர்க்கோழி:
நீங்கள் பார்த்தது வேஷம் மாற்றிய ஆள். டைபராகவே செதுக்கிய சிலை பாரிஸில், லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1512இல் ரோமில் கிடைத்தது. நெப்போலியன் காலத்தில் நைலோடு சேர்த்துக் கொண்டுபோனார்கள். நைல் வாத்திகனுக்குத் திரும்பிவிட்டது, இவர் அங்கேயே தங்கிவிட்டார். கையில் துடுப்புகூட உண்டு. எங்கள் அம்மா சிலை முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் என்னிடம் குனிந்து, "ஆறு எங்கேயாவது ஆம்பளையா இருக்குமாடா?" என்றார்.

மலைப்பாதை:
ஏன் இருக்காது? பிரம்மபுத்திரா ஆண்தானே. அது கிடக்கட்டும், இரண்டு பேரும் கல்லையே பார்த்திருக்கிறீர்கள். டைபர் பிறக்கிற ஃபுமாயோலோ மலைக்குப் போங்கள். 405 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு அங்கே ஒரு சின்ன ஊற்று. நான் முகம் கழுவினேன், பல் கிட்டித்துவிட்டது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் போகிறவர்கள் கவனிக்க: 1,200 மீட்டருக்கு மேலே, கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். கார் எடுத்துக்கொண்டு போவது உத்தமம். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். 1934இல் முசோலினி நட்ட தூணை மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஊற்று தான் பிறந்த மாவட்டத்துக்குள் வர வேண்டுமென்று 1923இல் எல்லையையே நகர்த்தியவர் அவர்.

நீர்க்கோழி:
ஸ்வெட்டர் பற்றி யார் கேட்டார்கள்?

பழஞ்சுவடி:
புலிக்கு வருகிறேன். டைபர் ஆற்றின் பழைய பெயர் ஆல்புலா. டிபெரினுஸ் என்ற ராஜா கடக்கும்போது மூழ்கிப்போனதால் பெயர் மாறியது என்று பழைய ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ஆற்றுக்கே பெயர் மாறியிருக்கிறது, மிருகம் மாறினால் என்ன?

கரையோரம்:
சரி, மாறட்டும். டைக்ரிஸ் எங்கே போனார்?