தைராய்டு நார்மல், ஆனாலும் மாதவிலக்கு தள்ளிப்போகிறது: அடுத்து எந்தப் பரிசோதனை?

வயது 31. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு வேலை. போன தீபாவளி வரை 28, 30 நாளில் சரியாக வந்துவிடும். அப்புறம் ஒரு தடவை 45 நாள், அடுத்தது இரண்டு மாதம் கழித்து, நடுவில் ஒருமுறை 19 நாளிலேயே வந்து பத்து நாளாகியும் நிற்கவில்லை. கட்டி கட்டியாகப் போகிறது, தாடையில் பரு, முடி கொட்டுகிறது, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது (இந்த ஊரில் மேடு ஏறாமல் எங்கே போவது!). எடை மட்டும் கூடவில்லை.

கர்ப்பப் பரிசோதனை நெகட்டிவ், தைராய்டு நார்மல். ஹீமோகுளோபின் 9.2, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை ஓடுகிறது. ஸ்கேனில் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஸ்கேனை மட்டும் வைத்து பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் வரும் சினைப்பைப் பிரச்சினை) என்று முடிவு செய்ய முடியாதாம், ஆண் ஹார்மோன் அளவும் பார்க்க வேண்டுமாம். டாக்டர் கொடுத்த புரோஜெஸ்டிரோன் மாத்திரை சாப்பிட்டால் வருகிறது, விட்டால் பழைய கதைதான். அத்தை சொன்ன எள்ளுருண்டை, பப்பாளி எல்லாம் ஆயிற்று. பக்கத்து வீட்டில் குளிர்தான் காரணம் என்கிறார்கள், இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இந்த வருஷம் மட்டுமா குளிர்கிறது?

ஹார்மோன் பரிசோதனைக்கு லீவு போட்டு கோவைக்கு இறங்க வேண்டும். இதே பிரச்சினை இருந்தவர்கள் சொல்லுங்கள்: ஒரே தடவையில் முடிக்க எந்தெந்தப் பரிசோதனைகளை, மாதவிலக்கின் எத்தனையாவது நாளில் எடுத்தீர்கள்?