பள்ளித் திடலுக்கு எதிரிடை அனுபவ உரிமை கோரும் வழக்கு: சட்டம் அறிந்தோரின் வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். என் பிள்ளைகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் திடலில், சுற்றுச்சுவர் இடிந்த பக்கமாக முள்வேலி இட்டு வைக்கோல்போர் வைத்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரர், 20 ஆண்டுகளாகத் தம் அனுபவத்தில் இருப்பதால் அந்த இடம் எதிரிடை அனுபவத்தின் (உரிமையாளரின் அனுமதியின்றி, அவரது உரிமைக்கு எதிராக நிலத்தை நீண்டகாலம் தம் வசம் வைத்திருப்பது) மூலம் தமக்கே உரியது என்று வழக்குத் தொடர்ந்துள்ளார். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அரசு நிலத்தை மீட்க 30 ஆண்டுகளும் தனியார் நிலத்துக்கு 12 ஆண்டுகளும் அளிக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளுக்கோ பொதுத் தெருவையும் சாலையையும் மட்டுமே 30 ஆண்டுப் பிரிவில் குறிப்பிடுகிறது. என் கவலையெல்லாம் இதில்தான். நிலம் ஊராட்சி ஒன்றியத்தின் பெயரில் இருந்தால் எந்த வரம்பு பொருந்தும்? தொடக்கத்தில் அவர் தலைமை ஆசிரியரிடம் வாய்மொழியாக அனுமதி பெற்றே வைக்கோல்போர் வைத்தார். அனுமதியோடு தொடங்கிய அனுபவம் எதிரிடை ஆகாது என்பதால், இதை நேரில் கண்ட முன்னாள் ஆசிரியரின் சாட்சியம் போதுமா, அல்லது ஆவணமும் வேண்டுமா? பெற்றோராகிய நாங்கள் வழக்கில் தரப்பினராகச் சேர இயலுமா என்பதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.