ஸ்பெக்ட்ரம் பேசிக்: கல் எல்லாம் ஒரே கட்டத்தில் விழுகிறது, உதவி தேவை

ரப்பர்கீ:
வணக்கம். 1980களின் வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே-க்குப் பேசிக் மொழியில், பத்தே வரியில் ஒரு கார் விளையாட்டு எழுதிப் பார்க்கிறேன். வரிக்கு 80 எழுத்துக்கு மேல் கூடாது என்று நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இப்போதைக்கு ஃப்யூஸ் எமுலேட்டரில்தான் (அந்தக் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) ஓட்டம். கார் 10-ஆவது வரிசையில் நிற்கும், திரை மேலே நகரும், 21-ஆவது வரிசையில் புதுக் கல் முளைக்கும்.

முதல் கல் இடது ஓரத்தில் வருகிறது. அப்புறம் வரும் அத்தனையும் 10-ஆவது கட்டத்திலேயே, தூண் நட்ட மாதிரி. சரி, அந்தத் தூணிலாவது மோதலாம் என்று காரை விட்டால் உள்ளே புகுந்து மறுபக்கம் வந்துவிடுகிறது! கல் நானே வரைந்த யூடிஜி, அதாவது எழுத்தைப் போல அச்சிடும் சொந்தப் படம். போனில் தட்டுவதால் கட்டளைகளும் தமிழில்:

30 பிரிண்ட் இங்க் 2; அட் 21, இன்ட் (ஆர்என்டி*32); சிஎச்ஆர்$ 144
40 ராண்டமைஸ் யூஎஸ்ஆர் 3582
50 இஃப் ஸ்கிரீன்$ (10,எக்ஸ்) = சிஎச்ஆர்$ 144 தென் ஸ்டாப்

ஒருகேபி:
தொடக்கத்தில் வெறும் ராண்டமைஸ் (தற்செயல் எண்களுக்கு விதை, அதாவது தொடக்க எண், தரும் கட்டளை) ஒன்று போடுங்கள். அது இல்லாவிட்டால் கணினியைப் போடும் ஒவ்வொரு முறையும் அதே எண்வரிசைதான் வரும்.

ரப்பர்கீ:
போட்டேன் நண்பா. முதல் கல் மட்டும் இடம் மாறுகிறது. மற்றதெல்லாம் பழைய 10-லேயே.

கேசட்மாமா:
குற்றவாளி 40-ஆவது வரி. 3582 என்பது ராமில் திரையை ஒரு வரிசை மேலே தள்ளும் இடம்... ராம் அல்ல, ரோம் (கணினியோடு வரும் மாறா நினைவகம்), மன்னிக்கவும். அதை யூஎஸ்ஆர் கொண்டு அழைக்க ஏதாவது ஒரு கட்டளை முன்னால் வேண்டும் என்பதற்காகப் பலரும் ராண்டமைஸைச் சேர்ப்பார்கள். ஆனால் யூஎஸ்ஆர் வெறுங்கையோடு திரும்பாது, செயலியின் பிசி (BC) ரெஜிஸ்டரில் உள்ள எண்ணைக் கொண்டுவரும். இந்த அழைப்பில் அது எப்போதும் 289. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் "ராண்டமைஸ் 289" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்கையும் பாருங்கள். தற்செயல் எண் தரும் ஆர்என்டி, விதையோடு 1 கூட்டி, 75-ஆல் பெருக்கி, 65537-ஆல் வகுத்த மீதியில் 1 கழிக்கும். 290 × 75 = 21750. ஒன்று போனால் 21749. அதை 65536-ஆல் வகுத்தால் 0.3319, 32-ஆல் பெருக்கினால் 10.62. பின்னத்தை வெட்டும் இன்ட் போட்டால் 10. உங்கள் தூண் இதுதான்.

40-ஐ "லெட் இசட் = யூஎஸ்ஆர் 3582" என்று மாற்றுங்கள். வெறும் ராண்டமைஸ் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை இருக்கட்டும்.

மோதல் விஷயம் வேறு. கட்டத்தில் உள்ள எழுத்தைச் சொல்லும் ஸ்கிரீன்$, ரோமில் உள்ள எழுத்துகளோடு மட்டும்தான் ஒப்பிடும், யூடிஜியை அதற்கு அடையாளம் தெரியாது. வெற்றுச் சரம்தான் கிடைக்கும். அட்டரிடம் கட்டத்தின் நிறத்தைக் கேளுங்கள்: வெள்ளைத் தாள் 7 × 8 = 56, சிவப்பு மை 2, மொத்தம் 58. "இஃப் அட்டர் (10,எக்ஸ்) = 58 தென் ஸ்டாப்". காரை அச்சிடும் முன் இதைக் கேட்க வேண்டும்.

ரப்பர்கீ:
மாமா, இசட்டை அச்சிட்டுப் பார்த்தேன், அப்படியே 289! கல் இப்போது சிதறி விழுகிறது, காரும் மோதுகிறது.

ஒருகேபி:
எண்களை எல்லாம், சரத்தை எண்ணாக்கும் வால் போட்டு, வால் "10" என்று எழுதினால் நினைவகம் மிச்சமாகும். பேசிக் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாமல் 6 பைட் ஒளித்து வைக்கும். வால் போட்டால் 8 பைட்டுக்குப் பதில் 5.

கேசட்மாமா:
1 கேபி இசட்எக்ஸ்81-இல் அது உயிர் காக்கும், மறுக்கவில்லை. இவருக்கு 48கே இருக்கிறது, தட்டுப்பாடு எழுத்துக்குத்தான். வால் போட்டால் வரி நீளும், ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சரத்தைக் கணக்கிட்டு விளையாட்டும் மெதுவாகும். வேண்டாம்.

ரப்பர்கீ:
சரி, அப்படியே விடுகிறேன். ஒன்பது வரியில் முடிந்துவிட்டது. பத்தாவதில் மதிப்பெண் போடப் போகிறேன். இதுவரை என் சாதனை நான்கு கல்.