லேப்டாப்பில் புளூடூத் ஹெட்செட் சேர மாட்டேன் என்கிறது

மண்டபம் ஊரில் கடலை ஒட்டி வீடு. உப்புக்காற்றில் ஹெட்போன் செருகும் துளை பச்சை பூத்துப் போனதால் புளூடூத் ஹெட்செட்டுக்கு மாறினேன். போனில் உடனே சேர்ந்துவிடுகிறது. விண்டோஸ் 11 லேப்டாப்பில்தான் வம்பு. தேடினால் பெயர் வருகிறது, தொட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, இணைக்க முடியவில்லை என்று கைவிரிக்கிறது.

பட்டியலிலிருந்து ஹெட்செட்டை நீக்கிவிட்டு, நீலமும் சிவப்பும் மாறி மாறி மினுங்கும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்து மறுபடி சேர்த்துப் பார்த்தாயிற்று. அது போனுக்கு ஓடிவிடக் கூடாதே என்று போனில் புளூடூத்தை அணைத்தும் வைத்தேன். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் புளூடூத் சப்போர்ட் சர்வீஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு சந்தேகம். பக்கத்தில் செருகியிருக்கும் யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கினால் சில நேரம் சேர்கிறது, ஆனால் பாட்டு விட்டு விட்டு வருகிறது. யூஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழும். புளூடூத்தும் அங்கேதான், என் வைஃபையும் அங்கேதான். அப்படியானால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதுமா? இல்லை, லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து புளூடூத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரை எடுத்துப் போட வேண்டுமா? யூஎஸ்பியில் செருகும் தனி புளூடூத் டாங்கிள்தான் வழி என்றால் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும், அதனால் உறுதியாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘ரீஸ்டார்ட் பண்ணுங்க’ மட்டும் வேண்டாம், சாமி!